புதுப்பேட்டையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை: என் பழைய புல்லட்டின் சார்ஜிங் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சென்னை புதுப்பேட்டைக்குள் நுழைந்து, கழற்றிய கார் கதவுகளையும் பம்பர்களையும் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும் கடைகளைத் தாண்டி, டீக்கடையை ஒட்டிய சந்தில் திரும்பினால் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு ஷட்டர். அதன் மேலே பழைய ஸ்டேட்டர் காயில்களை (இன்ஜின் சுழலும்போது கரண்ட் உண்டாக்கும் கம்பிச் சுருள்கள்) ஒரு கம்பியில் கோத்து, ஆஞ்சநேயருக்குச் சாத்திய வடை மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் அடையாளம். ‘எலக்ட்ரீஷியன் பாய்’ என்று விசாரித்தால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். ‘காயில் கட்டுற பாய்’ என்று கேளுங்கள்.

என் வண்டி 1997 புல்லட் ஸ்டாண்டர்ட் 350. அப்பா வாங்கியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயிண்ட் இக்னிஷன், கிக்கர் மட்டும். ஹெட்லைட்டுக்கு மேலே, ஸ்பீடோ மீட்டருக்குப் பக்கத்தில், சின்ன வட்டமாக ஆம்ப் மீட்டர் இருக்கும். அப்பா எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தபோது அந்த மீட்டருக்கு ஒரே ஒரு வேலைதான் சொன்னார். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கு. முள் மைனஸ் பக்கம் ஆடும். கிக்கர் முட்டி நிற்கிற இடத்தில் முள் நடுவுக்கு வந்தால், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அமுக்கி, லீவரை விட்டுவிட்டு ஓங்கி உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்கால் வீங்கும். இவ்வளவுதான் பாடம். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அந்த முள் என்ன சொல்கிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நாலாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றினேன். எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் போனால், பேட்டரியைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு வயரால் உரசித் தீப்பொறி பார்ப்பார் (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்), ‘வீக்கா இருக்கு சார்’ என்பார், புதிதாக ஒன்று போடுவார். நாலைந்து மாதம் எல்லாம் நன்றாக ஓடும். அப்புறம் ஹார்ன் கம்மும். இண்டிகேட்டர் எரியும், ஆனால் சிமிட்டாது. இரவு ஷிஃப்ட் முடிந்து ஒரு மணிக்கு வரும்போது ஹெட்லைட் சிம்னி விளக்கு மாதிரி மஞ்சளாகிவிடும். மூன்றாவது பேட்டரி, திண்டிவனத்தில் ஒரு வளைகாப்புக்குப் போகிற வழியில், மதுராந்தகத்தைத் தாண்டியதும் உயிரை விட்டது. பாயிண்ட் வண்டிக்கு பேட்டரியிலிருந்துதான் இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் போக வேண்டும். பேட்டரி மொத்தமாக இறங்கிவிட்டால் எத்தனை உதை உதைத்தாலும் தீப்பொறி வராது. பட்டுப்புடவையில் மனைவி, கையில் வளையல் பெட்டி, நெடுஞ்சாலையில் வெயில். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் இந்த முறை, ‘காயில் போயிருக்கும் சார், இன்ஜின் சைடைப் பிரிச்சு ரீவைண்டிங் பண்ணணும்’ என்றார். அவர் சொன்னது இக்னிஷன் காயிலை அல்ல, சார்ஜ் தரும் ஸ்டேட்டர் காயிலை. புல்லட்டில் அது இடது பக்கம், பிரைமரி செயின் கவருக்குள் எண்ணெயில் இருக்கிறது. கவரைப் பிரித்து, எண்ணெயை வடித்து, கேஸ்கெட் மாற்றி என்று பெரிய கச்சேரி. அதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டலாமே என்று எங்கள் தெரு ஆட்டோ அண்ணன் சொன்னதால்தான் புதுப்பேட்டைக்குப் போனேன்.

பாய்க்கு அறுபது வயதிருக்கும். வண்டியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எத்தனை பேட்டரி மாத்துன தம்பி?”

“மூணு பாய்.”

“எத்தனை வருஷத்துல?”

“ரெண்டு.”

“பேட்டரிக் கடைக்காரன் உன்ன நல்லா வெச்சிருக்கான்,” என்று சொல்லிவிட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு மல்டிமீட்டரை எடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் ஸ்பேனரைத் தொடவில்லை. வெறும் அளவுதான். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் முக்கால்வாசி அந்த ஒரு மணி நேரத்துக்கு.

வண்டி ஓடாத நிலையில் பேட்டரியில் 12.1 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், 12.1 என்றால் பாதிக்கும் கீழே. என்னுடையது ஆசிட் பேட்டரி என்பதால் மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரையும் விட்டுப் பார்த்தார். ஆறு அறையிலும் 1.18-ஐ ஒட்டியே காட்டியது. நல்ல சார்ஜில் 1.26, 1.28 வர வேண்டுமாம். “ஒரு ரூம் மட்டும் தனியா இறங்கியிருந்தா பேட்டரி செத்துச்சுன்னு அர்த்தம். இது ஆறும் ஒண்ணாப் பசியா இருக்கு. சோறு வரல, அவ்ளோதான்,” என்றார்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஐட்லிங்கில் 11.9. ஆக்சிலேட்டரை முறுக்கினால் 12.2. ஹெட்லைட்டைப் போட்டதும் 11.6. நன்றாக இருக்கிற 12 வோல்ட் வண்டியில் கொஞ்சம் முறுக்கினாலே பேட்டரி முனையில் 13.8-இலிருந்து 14.5 வரை வர வேண்டும். அதற்கு வெகு கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், வோல்டேஜை அடக்கி வைக்க வேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. இந்த இரண்டு எல்லைகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

இந்த இடத்தில்தான் அவர் ஆம்ப் மீட்டரைச் சுட்டிக்காட்டினார். “இத எப்பவாச்சும் பாத்திருக்கியா?” முள் பிளஸில் இருந்தால் பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறது, மைனஸில் இருந்தால் இறங்குகிறது. என் முள் மைனஸ் பக்கம் நடுங்கிக்கொண்டிருந்தது. முறுக்கினார். நடுக்கோட்டுக்கு அருகே வந்தது, தாண்டவில்லை. பழைய புல்லட்டில் லைட்டைப் போட்டு ஐட்லிங்கில் நின்றால் முள் கொஞ்சம் மைனஸில் இருப்பது சகஜம். ஆனால் வண்டி வேகம் பிடித்தால் நடுவைத் தாண்டி பிளஸுக்கு வந்தே ஆக வேண்டும். என் வண்டியில் இரண்டு வருஷமாக அது தாண்டவே இல்லை போலிருக்கிறது. தினமும் உதைப்பதற்கு முன்னால் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காயிலிலிருந்து வரும் வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றினார். அது ஒரு காட்சி. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுத்த பலாச்சுளை நிறத்தில் உருகியிருந்தது. உள்ளே ஒரு பின் கறுத்து, பக்கத்துப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் செம்புக் குடத்தில் களிம்பு ஏறினால் அம்மா புளி போட்டுத் தேய்ப்பார். குடத்துக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு இந்தக் கப்ளருக்கு இருபத்தைந்து வருஷமாகக் கிடைக்கவில்லை. மழைத் தண்ணீர் புகுந்து களிம்பு பிடிக்கும், பின் சரியாகத் தொடாது, தொடாத இடத்தில் சூடு ஏறும், சூட்டில் பின் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. வட்டிக்கு வட்டி மாதிரி.

கப்ளரைக் கழற்றிய நிலையிலேயே காயில் பக்கத்து வயர்களில் ஏ.சி. வோல்ட் பார்த்தார். முறுக்க முறுக்க எண் தடையில்லாமல் ஏறியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, அந்த வயருக்கும் வண்டி உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அதாவது காயில் கருகவில்லை, பாடியில் உரசவும் இல்லை. “உன் காயில் தங்கம். யாராவது பிரிக்கச் சொன்னா வண்டிய எடுத்துட்டு ஓடிரு.” காயில் கட்டுவதுதான் இவருடைய தொழில் என்பதைக் கவனியுங்கள். கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் மறுபேச்சு பேசாமல் காசை எண்ணி வைத்திருப்பேன்.

அடுத்தது ஆர்.ஆர். யூனிட், அதாவது ரெகுலேட்டரும், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையரும் சேர்ந்த அந்த அலுமினியப் பெட்டி. டயோடு டெஸ்டில் ஒரு பக்கம் வழிவிட வேண்டும், முனைகளை மாற்றி வைத்தால் மறுபக்கம் தடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு வண்டியை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை யூனிட்டின் உடம்பிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 0.7 வோல்ட். “இதுக்கு யார்றா பெயிண்ட் அடிச்சது?” என்று கேட்டார்.

நான்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஆசையாக ஃபிரேமை பவுடர் கோட்டிங் கொடுத்தேன். என் வண்டியில் இருக்கும் யூனிட்டுக்கு உடம்பே எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி. போல்ட் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் பளபளவென்று ஏறியிருந்ததால் எர்த் அரைகுறை. போதாததற்கு, யூனிட்டின் சூடு ஃபிரேமுக்கு இறங்கவும் வழியில்லை. இன்னும் ஒரு கோடையில் அதுவும் வெந்திருக்கும்.

மூன்றாவது குற்றமும் என்னுடையதே. ஹெட்லைட்டில் இருந்த 100 வாட்ஸ் ஹாலஜன் பல்பு. 100-ஐ 12-ஆல் வகுத்தால் எட்டு ஆம்பியருக்கு மேல், அதுவும் ஹெட்லைட்டுக்கு மட்டும். கிணற்றில் ஊறுவதைவிட இறைப்பது அதிகம். வெளிச்சம் போதவில்லை என்று பெரிய பல்பு போட்டேன், பெரிய பல்பு போட்டதால் சார்ஜ் போதவில்லை, சார்ஜ் போதாததால் வெளிச்சம் போதவில்லை. நடுவில் மூன்று பேட்டரிகளின் உயிர் போனது. அரைப்பட்டினியாகவே கிடக்கும் பேட்டரியின் தட்டில் சல்ஃபேட் வெள்ளையாகப் பூத்துக் கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது.

வேலை என்று பார்த்தால் கொஞ்சம்தான். உருகிய கப்ளரை வெட்டி எறிந்து, வயர் நுனிகளைச் செம்பு மினுங்கும் வரை சுரண்டி, புது பின் வைத்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டிப் புதுக் கப்ளர் போட்டார். யூனிட் உட்காரும் இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, யூனிட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கே தனியாக ஒரு தடித்த எர்த் வயர் இழுத்தார். கம்பெனி வாட்ஸில் ஒரு பல்பு போட்டார். கடைசியாக ஹெட்லைட் ரிங்கைக் கழற்றி, ஆம்ப் மீட்டரின் முதுகில் இருக்கும் இரண்டு நட்டுகளையும் சோதித்தார். ஒன்று அரைச்சுற்று லூசு. பேட்டரிக்குப் போகிற, வருகிற கரண்ட் இந்த இரண்டு நட்டு வழியாகத்தான் ஓடுகிறது. ஒன்று கழன்றால் ஓடும் வண்டி நடு ரோட்டில் சட்டென்று இருண்டுவிடும். இதை யாரும் பார்ப்பதே இல்லை என்றார். நான் மட்டும் பார்த்தேனா என்ன.

பேட்டரியை அன்றே மாட்டித் தரவில்லை. காலிப் பேட்டரியை வண்டியில் போட்டு ஓடியே ஏற்றிக்கொள்ளலாம் என்பது சோம்பேறித்தனமாம். காயிலுக்கும் யூனிட்டுக்கும் தேவையில்லாத சுமை. பேட்டரியில் எழுதியிருக்கிற ஆம்பியர்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 ஏ.எச். என்றால் அரை ஆம்பியர், இரவு முழுக்க மெதுவாக ஏற வேண்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டார். ‘பேட்டரி இல்லாமலே தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு போயிரட்டுமா’ என்று கேட்டதற்கு ஒரு முறை முறைத்தார். பேட்டரி கழன்ற நிலையில் இன்ஜின் ஓடினால் வோல்டேஜ் தாறுமாறாக எகிறி, பல்போ யூனிட்டோ போய்விடலாம். வண்டியைச் சந்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் மாட்டிப் பார்த்தபோது, நிற்கையில் 12.7. முறுக்கினால் 14.2. ஹெட்லைட்டோடு 13.6. முள் நடுவைத் தாண்டி பிளஸில் போய் உட்கார்ந்தது. முதல் பத்து கிலோமீட்டர் நான் ரோட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம்.

நான் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பழைய 100 சி.சி. வண்டி வந்தது. அதற்கு நேர் எதிர் வியாதி. முறுக்கினால் 16.4 வோல்ட். பேட்டரி வயிறு உப்பி, ஆசிட் பொங்கி, செயின் கவர் வரை வெள்ளை வெள்ளையாக வழிந்திருந்தது. மாதம் இரண்டு பல்பு ஃபியூஸ் போகிறதாம், பல்பு கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அவருக்கு மட்டும் பாய் யூனிட்டை மாற்றினார். விற்கவே தெரியாதவர் அல்ல. தேவைப்பட்டால்தான் விற்கிறார்.

செலவு: செக் பண்ண 150, வயரிங் வேலை, கப்ளர், எர்த் எல்லாம் 450, பல்பு 120, பேட்டரி சார்ஜ் 80. ஆகமொத்தம் 800 ரூபாய். ஒரு பேட்டரி விலைகூட இல்லை.

குறைகளும் உண்டு. பில் கிடையாது, வாரண்டி என்பது “எதாவதுன்னா வா” என்பதோடு சரி. காலை பதினொன்றுக்கு முன் ஷட்டர் திறக்காது, வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடினால் மூன்று மணி ஆகும். போன் எடுக்க மாட்டார். வண்டி நிறுத்த இடம் இல்லை, சந்தில் ஒரு லோடு ஆட்டோ வந்தால் எல்லோரும் எழுந்து வண்டியை நகர்த்த வேண்டும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன் உள்ள வண்டிகளைத் தொட மாட்டார். வண்டியில் எல்.இ.டி. பட்டை கட்டிக்கொண்டு வந்த ஒரு பையனை, முதலில் அதைக் கழற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார், கொஞ்சம் கடுமையாகவே. உதவியாளர் பையன் வேகமானவன், கவனம் போதாது. பேட்டரிப் பெட்டி மூடியின் ஸ்க்ரூ ஒன்றைத் தொலைத்துவிட்டான். டேங்கில் ஐந்து விரல் ரேகையும் கிரீஸில் பதிந்திருந்தது.

கிளம்பும்போது பாய் சொன்ன வீட்டுப் பாடங்களை என் வழக்கத்தில் எப்படிப் பொருத்திக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த 150 ரூபாய்க்குள் இதுவும் அடக்கம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன். டி.சி. 20 வோல்ட்டில் வைத்தால் போதும், மற்ற எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாதத்தில் முதல் ஞாயிறு, எண்ணெய் தேய்த்து ஊறும் நேரத்தில், நிற்கும்போது ஒன்று, முறுக்கும்போது ஒன்று என இரண்டு அளவு எடுத்துப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். ஒரே ஒரு அளவைவிட, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கதை சொல்கிறது. ஆம்ப் மீட்டர் இல்லாத வண்டிக்காரர்களுக்கு இது கட்டாயம். பேட்டரியில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், குடிக்கிற தண்ணீரோ ஆசிட்டோ கூடாது. முனைகளைத் துடைத்து இறுக்கி லேசாக வாசலின் பூசுகிறேன். பேட்டரியைக் கழற்றினால் மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுருட்டி வைக்கிற பழைய வித்தையை மறந்துவிட்டேன், ஏனென்றால் ஃபியூஸுக்குப் பதில் அடுத்து எரிவது வயரிங். வாட்டர் வாஷ் பையனிடம் சீட்டுக்கு அடியில் பிரஷர் அடிக்காதே என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் அடிக்கிறான். அதனால் வாஷுக்குப் பிறகும் பெரிய மழைக்குப் பிறகும் கப்ளரைக் கழற்றி ஊதிக் காயவைத்து மாட்டுகிறேன். ஐந்து நிமிஷ வேலை.

இதெல்லாம் போன ஜூலையில். அதற்குப் பிறகு ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க வேலைக்குப் போக வர இதே வண்டிதான், இரண்டு முறை கணுக்கால் தண்ணீரிலும் ஓட்டியாகிவிட்டது. பேட்டரி அதே மூன்றாவது பேட்டரி, மதுராந்தகத்தில் காலை வாரிய அதே ஆள். நோட்டில் இந்த மாதக் கணக்கு 12.6, 14.1. மூடியின் ஸ்க்ரூ மட்டும் இன்னும் வாங்கவில்லை, இப்போதைக்கு ஒரு கட்டுக்கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை புதுப்பேட்டை போகும்போது அந்தப் பையனிடமே கேட்டு வாங்க வேண்டும்.